வழியில் விரித்த பாய்

பிள்ளைகளே, நான் பத்தாவது வரை படித்தவன். குறிஞ்சிப்பாடியில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்கிறேன். எழுதிப் பழக்கமில்லை, அதனால் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் கொஞ்ச நாளில் நீங்கள் கூட்டாளிகளோடு சேர்ந்து பாட்டுக் கச்சேரிக்கும் விழாக்களுக்கும் கிளம்பிவிடுவீர்கள். போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே போய் எந்த இடத்தில் உட்காருகிறோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும், அதற்காகத்தான்.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. புகை பட்டாலும் தூசி பட்டாலும் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதனால் நான் வேலை முடிந்து வந்தால் நேராக வீட்டுக்குள் போக மாட்டேன். டைல்ஸ் வெட்டிய தூசி தலையெல்லாம் இருக்கும். பின்பக்கம் போய்க் குளித்து, துணியை வெளியிலேயே அலசிப் போட்டுவிட்டுத்தான் அவள் பக்கத்தில் உட்காருவேன். வாயில் வைத்து அழுத்தும் பம்ப் ஒன்று அவள் அம்மாவின் கைப்பையில் எப்போதும் இருக்கும். மற்ற வீடுகளில் வெளியே கிளம்பினால் சாவி எடுத்தாச்சா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் பம்ப் எடுத்தாச்சா என்று கேட்போம்.

அப்படி மூச்சுக்குக் கஷ்டப்படுகிற பிள்ளைக்குப் பாட்டு என்றால் உயிர். காலையில் அவள் அம்மா தலை வாரிவிடும்போது ஏதாவது ஒன்றை முனகிக்கொண்டே இருப்பாள். சடை பின்னி முடியும் வரைக்கும் பாட்டு நிற்காது. அந்தச் சத்தத்தில்தான் நான் டீ குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன்.

அவளுக்கு ஒரே தாய்மாமன். என் மனைவியின் தம்பி, எனக்கு மச்சான். லோடு வண்டி ஓட்டுகிறான். பண்ருட்டிப் பக்கமிருந்து பலாப்பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவான். அவனுடைய பெரிய திறமை இடம் பிடிப்பது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசிவிடுவான். துண்டு விழுந்த சீட்டு எங்களுடையது. கல்யாண வீட்டில் சாப்பிடுகிறவர்கள் மோர் ஊற்றிக்கொள்ளும்போதே அவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். வடலூர் தைப்பூசத்தில் அத்தனை கூட்டத்திலும் ஜோதி தெரிகிற இடத்துக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியவன் அவன்தான்.

"என் அக்கா பொண்ணு எக்கி எக்கிப் பாக்கக் கூடாது மாமா," என்பான் என்னிடம்.

நம் பக்கத்தில் இப்படி ஒரு மாமனோ சித்தப்பனோ எல்லா வீட்டிலும் இருப்பார்கள். அவர்களைக் கெட்டிக்காரர்கள் என்று சொல்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் ஆறாவது படித்த வருஷம் கடலூர் கடற்கரையில் சில நாட்களுக்கு இசை விழா வைத்தார்கள். கடைசி நாள் சினிமாப் பாட்டுக் கச்சேரி. பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி, இவள் வீட்டில் வந்து பிடிவாதம் பிடித்தாள். அவள் அம்மாவுக்கு மனசில்லை.

"கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். புகையும் மண்ணுமா இருக்கும். வேணாங்க," என்றாள் என்னிடம்.

மச்சான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தான். "கடலுக்கு எதிர்ல காத்தாட ஒக்காரப் போறா. ஆஸ்பத்திரியிலயே பீச்சுக்குப் போயி காத்து வாங்குங்கன்னுதான் சொல்றாங்க."

"எந்த ஆஸ்பத்திரிடா சொன்னாங்க?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் சொல்லுவாங்க. நீ போயி கேட்டாதான?"

மகள் சிரித்தாள். என் மனைவியும் சிரித்துவிட்டாள். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "புள்ளைய கூட்டத்துக்கு நடுவுல மட்டும் ஒக்கார வெக்காத தம்பி. சுத்தி ஆளு அடைச்சிகிட்டா அவளுக்கு மூச்சு முட்டும்."

"அக்கா, நான் முன்னாடியே போறேன். காத்தோட்டமான எடமா பாத்துப் புடிச்சி வெக்கிறேன். நீங்க சாவகாசமா வாங்க."

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நாங்கள் பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மணலில் இரண்டு பக்கமும் ஜனம் உட்கார்ந்திருந்தது. நடுவில், ரோட்டிலிருந்து மேடை வரைக்கும், ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி வழி விட்டிருந்தார்கள். வண்டிச் சக்கரம் புதையாமல் இருக்க அந்த இடத்தில் மட்டும் பலகை போட்டிருந்தது. அந்த வழிக்குள்ளே, மேடைக்கு நேர் எதிரே, மச்சான் இரண்டு பாயை விரித்துப்போட்டு மகாராஜா மாதிரி கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். எங்கள் பாய்க்குப் பின்னால், யாரும் வந்து நெருக்காமல் இருக்க, இந்தக் கம்பிலிருந்து அந்தக் கம்புக்குக் குறுக்கே தன் நீளத் துண்டை இழுத்துக் கட்டியிருந்தான். லோடு கட்டுகிறவன் போட்ட முடிச்சு. இழுத்தால் இறுகுமே தவிர அவிழாது.

"பாத்தியாக்கா, இருக்குறதுலயே காத்தோட்டமான எடம். முன்னயும் பின்னயும் காலி. இவ்ளோ நல்ல எடத்த ஒருத்தனும் பாக்கல."

நிஜமாகவே காற்று நன்றாக வந்தது. மகள் பாயில் உட்கார்ந்து மேடையைப் பார்த்து, "மாமா, மைக்கு கூடத் தெரியுது," என்றாள். அவனுக்கு அதுவே போதும்.

கொஞ்ச நேரத்தில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு காலேஜ் பையன் வந்தான். விழாவுக்கு உதவி செய்கிறவர்களில் ஒருவன்.

"அண்ணே, இது வழிண்ணே. பாய எடுத்துருங்க."

"வழின்னா யாராச்சும் நடக்கணும் இல்ல தம்பி? மத்தியானத்துலேர்ந்து பாக்குறேன், ஒரு காக்கா கூட நடக்கல."

"ஆம்புலன்ஸ் வர்றதுக்கு விட்டுருக்குண்ணே."

"வரட்டும். வந்தா எந்திரிச்சிக்கிறோம். நாங்க என்ன பந்தக்கால் நட்டுகிட்டா ஒக்காந்துருக்கோம்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பையனும் பாதி சிரித்தான். "சொன்னா கேளுங்கண்ணே, எங்களத்தான் திட்டுவாங்க," என்று சொல்லிப் பார்த்தான். அதற்குள் வேறு எங்கேயோ யாரோ கூப்பிட்டார்கள், ஓடிவிட்டான். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எங்களுக்குப் பின்னால் ஒரு குடும்பம் பாய் விரித்தது. அவர்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம். மச்சான் துண்டு கட்டியதைப் பார்த்து அவர்களும் கட்டினார்கள். ஒருவர் வேட்டியைக் கட்டினார், ஒரு அம்மா பழைய புடவையைக் கட்டினாள். இருட்டுகிறபோது ரோடு வரைக்கும் வழி என்று ஒன்று இல்லை.

யாரும் கெட்ட எண்ணத்தில் உட்காரவில்லை. வந்தால் எந்திரிச்சிக்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அந்தப் பாயில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கச்சேரி ஆரம்பித்தது. மகள் முதல் இரண்டு பாட்டுக்கும் மாமன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கை தட்டினாள். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டிகள். அடி விழும்போது பாய்க்குக் கீழே மணல் அதிர்ந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. பிறகு ஒரு வேகமான பாட்டு வந்தது. மேடையின் முன்பக்கத்திலிருந்து வெள்ளைப் புகையை விட்டார்கள். கடல் காற்று அதை அப்படியே தள்ளிக்கொண்டு எங்கள் மேல் கொண்டுவந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கூட்டம் எழுந்து ஆடியது. மணல் தூசி கிளம்பியது.

மகள் உட்கார்ந்துவிட்டாள். முதலில் இருமினாள். என் மனைவி உடனே பம்ப்பை எடுத்துக் கொடுத்தாள். அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். இழுப்பு மருந்துக்குக் கேட்கவில்லை. எப்போதும் வருகிற பூனைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்தேன். அவள் நெஞ்சில் காதை வைத்தேன். சத்தம் வருகிற அளவுக்குக் கூடக் காற்று உள்ளே போகவில்லை. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கியது. உதடு கறுத்திருந்தது.

மச்சான் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். ரோட்டோரத்தில் ஆம்புலன்ஸ் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. அதன் மேல் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. இடையில் வழி முழுக்க மனிதர்கள்.

முதலில் அவன் கட்டிய துண்டே அவனைத் தடுத்தது. ஒரு கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். வரவில்லை. நான் பல்லால் கடித்தேன். பிறகு அவனைக் குனியச் சொல்லித் துண்டை மேலே தூக்கிப் பிடித்தேன். அதைத் தாண்டினால் அடுத்த பாய், அதற்குப் பின்னால் அடுத்த வேட்டி. "வழி விடுங்க, புள்ளைக்கு மூச்சு வரல," என்று கத்தினோம், ஆம்புலன்ஸைப் பார்த்துக் கையை ஆட்டினோம். எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. இருட்டில் இரண்டு ஆம்பிளைகள் பாயை மிதித்துக்கொண்டு வருவதைத்தான் ஜனங்கள் பார்த்தார்கள். ஒருவர் மச்சான் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். அவர் வாய் அசைந்ததை வைத்துச் சொல்கிறேன், குடித்துவிட்டு வருகிறாயா என்றுதான் கேட்டிருப்பார். ஒரு அம்மா சோற்றுப் பாத்திரத்தை நகர்த்திக்கொண்டு கையை ஓங்கினாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்த பிறகு அதே அம்மாதான் எழுந்து நின்று பின்னால் இருப்பவர்களைத் தட்டித் தட்டி எழுப்பினாள்.

எல்லோரும் எழுந்தார்கள் பிள்ளைகளே. சொன்ன மாதிரியே எழுந்தார்கள். ஆனால் எழுந்தவர்கள் எங்கே போவார்கள்? இரண்டு பக்கமும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. எழுந்தவர்கள் அந்த இடத்திலேயே நின்றார்கள். உட்கார்ந்திருந்தபோது தெரிந்த ஆம்புலன்ஸ் விளக்கு அவர்கள் எழுந்ததும் மறைந்துபோனது. நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம் இதுதான். வழியில் உட்கார்ந்தவன் எழுந்து நின்றாலும் வழியில்தான் நிற்பான்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு இடத்தில் அவள் கை மச்சான் முதுகில் தொங்கிப்போனது. அதைப் பார்த்த பிறகு அவன் யாரையும் கேட்கவில்லை, இடித்துக்கொண்டு போனான். ரோட்டுக்குப் போனதும் ஆம்புலன்ஸ்காரர் மூஞ்சியில் மாஸ்க்கை வைத்தார். "இவ்ளோ நேரமா எங்கய்யா இருந்தீங்க? சைகை காட்றது தெரிஞ்சிது, வண்டிய உள்ள விட முடியல," என்றார். மச்சான் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டு வைத்திருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்து, "மூச்சு நின்னு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டார். 

அவள் பிழைத்துவிட்டாள். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் அந்த நாட்களில் அது எங்களுக்குத் தெரியாது. குழாயை எடுத்து அவள் கண்ணைத் திறந்து பார்க்கும் வரை நாங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் கிடந்தோம். மச்சான் சாப்பாடு வாங்கிக்கொண்டு வருவான், நாங்கள் சாப்பிட மாட்டோம், எடுத்துக்கொண்டு போவான்.

ஒருநாள் என் மனைவி அவனைக் கேட்டாள். சத்தம் போடவில்லை. "அந்தத் துண்ட ஏன்டா கட்டுன?"

"காத்தோட்டமா..." என்று ஆரம்பித்தான்.

அக்கா தம்பி கடைசியாகப் பேசிய பேச்சு அதுதான்.

மகள் வீட்டுக்கு வந்த பிறகு அவன் உள்ளே வரவே இல்லை. என் மனைவி கடைக்குப் போகிற நேரம் அவனுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பலாப்பழத்தை வைத்துவிட்டுப் போய்விடுவான். அவள் அதை நறுக்கிப் பிள்ளைக்குக் கொடுப்பாள். தான் ஒரு சுளை கூட எடுக்க மாட்டாள். எனக்கு மட்டும் அவன் போன் செய்வான். "பாப்பா நல்லாருக்காளா மாமா?" என்று கேட்பான். நன்றாக இருக்கிறாள் என்பேன். வைத்துவிடுவான்.

நன்றாகத்தான் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிறாள். படி ஏறினால் பாதியில் நிற்கிறாள். கூட்டமாக இருக்கும் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். தலை வாரும்போது இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. சீப்புச் சத்தம் கேட்கிறது. அவள் அம்மாவும் பாடு என்று சொல்வதில்லை.

போன வருஷம் ஒருநாள் அவளாகவே கேட்டாள். "சிதம்பரத்துல நாதஸ்வரக் கச்சேரி போட்டுருக்காங்களாம்பா. கேக்கலாமா?" ஆசைப்பட்டு அவள் எதையாவது கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. இல்லை என்று சொல்ல எங்களால் முடியவில்லை. புறப்படும் முன் அவள் அம்மாவுக்குத் தெரியாமல் மச்சானுக்குப் போன் செய்தேன். எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னேன்.

இந்த முறை நாங்கள் எப்படிப் போனோம் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவும். பம்ப் ஒன்று அவள் பாவாடைப் பையில், இன்னொன்று அம்மா பையில். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மேடையை இல்லை, கதவுகளை. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று பார்த்தேன். வாசலில் நின்ற பெரியவரிடம் போய், "என் பொண்ணுக்கு வீசிங் இருக்குங்க, ஏதாச்சும்னா இந்தப் பக்கம்தான் தூக்கிட்டு வருவேன்," என்று முன்னாலேயே சொல்லிவைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. கதவை மறைத்துப் போட்டிருந்த இரண்டு நாற்காலியை அவரே நகர்த்தினார். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் போனை நம்ப வேண்டாம், வாசலில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகிட்ட வந்து நில்லு என்று மகளிடம் சொன்னேன். மேடையிலிருந்து ரொம்பத் தள்ளி, ஸ்பீக்கர் இல்லாத பக்கம், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஓரமாக உட்கார்ந்தோம். அங்கிருந்து வாசிப்பவர்களின் முகம் தெரியாது. கேட்பதற்கு முகம் எதற்கு?

தவில் ஆரம்பித்தபோது அவனைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே, சுவரோடு ஒட்டி, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் மச்சான் நின்றுகொண்டிருந்தான். வழியில் யாராவது நாற்காலியைப் போட்டால் மெதுவாகப் போய் அவர்கள் காதில் ஏதோ சொல்லி நகர்த்தச் சொன்னான். யாரும் அவனை அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு ஆள், "நீ யாருய்யா, மண்டபத்துக்காரனா?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "இல்லண்ணே, சும்மா," என்றான்.

என் மனைவியும் பார்த்துவிட்டாள்.  கொஞ்ச நேரம் கழித்து, என் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியின் மேல் போட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஒருவர் வந்து, "ஆளு இருக்காம்மா?" என்றார்.

"இருக்காங்க," என்றாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். மாமனைப் பார்த்துக் கையசைத்தாள். அவனும் கையைப் பாதி தூக்கினான். அந்த நாற்காலி அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். துண்டும் தெரிந்திருக்கும். துண்டு போட்ட இடம் என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியாததா? அவன் வரவில்லை. என் மனைவியும் கூப்பிடவில்லை. மகளின் விரல் மட்டும் முட்டியின் மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வாய் திறக்கவில்லை.

கூட்டம் கூடியது. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து எங்கள் பக்கத்தில் ஓரமாக நின்றாள். இடம் கேட்கவில்லை. குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி மாற்றிப் போட்டாள். என் மனைவி அவளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடியும் அவளைப் பார்த்தாள். பிறகு துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ஒக்காருங்க," என்றாள்.

கச்சேரி முடிந்து நாங்கள் எழுந்தபோது கதவுப் பக்கம் யாரும் இல்லை. வழி மட்டும் திறந்து கிடந்தது. என் மனைவி துண்டை நான்காக மடித்து, கைப்பையில் பம்ப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.